மாட்டு டாக்டர் ஆக ஆசைப்படும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு: நெல்லைச் சீமையிலிருந்து சில கேள்விகளும் பதில்களும்

நெல்லை, தென்காசிப் பக்கத்து மருந்தகங்களில் வேலை பார்ப்பவன் என்பதால் கல்லூரிப் பிள்ளைகள் அவ்வப்போது என்னைத் தேடி வருவார்கள். சிலர் விலங்கியல் படிப்பவர்கள். சிலர் வேறு ஏதோ படிப்பில் சேர்ந்துவிட்டு மனசு ஒட்டாமல் இருப்பவர்கள். சில சமயம் கூடவே அப்பாவோ தாய்மாமாவோ வருவார், அவரிடம் தனியாக ஒரு கேள்விப் பட்டியல் இருக்கும். எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொன்னதை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பட்டம் வாங்கிய பிறகு கால்நடை மருத்துவத்துக்கு மாற முடியுமா?

மாறுவது என்ற வழியே கிடையாது. கால்நடை மருத்துவப் பட்டமான பி.வி.எஸ்சி. அண்ட் ஏ.எச். படிப்பில் எல்லோரும் முதலாம் ஆண்டில்தான் சேர வேண்டும். விலங்கியலில் நீங்கள் வாங்கும் மதிப்பெண்ணை யாரும் பார்க்க மாட்டார்கள். பார்ப்பது ப்ளஸ் டூ மதிப்பெண்ணை, அல்லது நீட் மதிப்பெண்ணை. எம்.எஸ்சி. விலங்கியல் முடித்தாலும் கால்நடை மருத்துவராகப் பதிவு செய்துகொள்ள முடியாது. 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி, அங்கீகரித்த கால்நடை மருத்துவப் பட்டம் பெற்றுப் பதிவு செய்தவர்தான் சிகிச்சை செய்யலாம்.

ஆகவே உங்கள் முன்னால் இருப்பது மறுபடியும் முதலிலிருந்து சேரும் முயற்சி. நீட் தேர்வுக்கு மேல் வயது வரம்பை 2022-இல் எடுத்துவிட்டார்கள், அந்தக் கதவு திறந்திருக்கிறது. மாநில ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது வயது, தேர்ச்சி பெற்ற ஆண்டு பற்றிய விதிகளை அந்த வருடத் தகவல் கையேட்டில் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னார் என்று கட்டாதீர்கள்.

என் யோசனை என்ன என்றால், இரண்டாம் ஆண்டு வரை வந்த படிப்பை நிறுத்த வேண்டாம். முடித்துவிடுங்கள். நீட்டுக்குப் படிப்பதாக இருந்தால் ஒரு வருடத்தை முழுதாக அதற்கே கொடுங்கள். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நின்று இரண்டையும் விட்டவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அப்படியென்றால் நீட் கட்டாயமா?

தமிழ்நாட்டு மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் தேவையில்லை. ப்ளஸ் டூ முடிவு வந்த கொஞ்ச நாளில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் இணையத்தில் விண்ணப்பம் வாங்கும். உயிரியலுக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று மொத்தம் 200-க்குக் கட் ஆஃப் கணக்கிட்டுத் தரவரிசை போடுவார்கள். பொதுப் பிரிவில் 190-க்குக் கீழே வைத்துக்கொண்டு இடம் எதிர்பார்ப்பது கஷ்டம். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு 7.5 சதவீதம் உள் ஒதுக்கீடு உண்டு. நாங்குநேரி, வள்ளியூர்ப் பக்கத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பலருக்கு இது தெரியாமலே போகிறது. தெரிந்தவர்கள் சொல்லிவிடுங்கள்.

நாடு முழுவதும் கல்லூரிகளில் 15 சதவீத இடங்கள் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகின்றன. அவற்றுக்கு நீட் மதிப்பெண், கவுன்சிலின் கலந்தாய்வு. கேரளத்தில் மண்ணுத்தி, பூக்கோடு போன்ற கல்லூரிகளில் சேர வேண்டுமென்றால் அந்த வழியாகத்தான் போக வேண்டும்.

ப்ளஸ் டூவில் உயிரியல் எடுக்காதவர்களுக்குப் பதில் ஒரு வரிதான்: இந்தப் படிப்பு கிடையாது. கணிதம் எடுத்தவர்கள் இதே பல்கலைக்கழகத்தின் பி.டெக். உணவுத் தொழில்நுட்பம், பால்வளத் தொழில்நுட்பம், கோழியினத் தொழில்நுட்பம் ஆகியவற்றைப் பார்க்கலாம்.

திருநெல்வேலியிலேயே கல்லூரி இருக்கிறதாமே?

இருக்கிறது. ராமையன்பட்டியில், சங்கரன்கோவில் சாலையை ஒட்டி. 2012-இல் தொடங்கினார்கள். அதே வருடம்தான் ஒரத்தநாட்டுக் கல்லூரியும் வந்தது. அதற்கு முன்னால் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இருந்தது இரண்டே ஊர்: 1903-இல் தொடங்கிய சென்னை வேப்பேரிக் கல்லூரி, 1985-இல் வந்த நாமக்கல். பிறகு சேலம் தலைவாசல், தேனி, உடுமலை என்று கூடிவிட்டன.

கலந்தாய்வில் எந்த ஊர் கிடைத்தாலும் எடுங்கள். பட்டம் ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு ருசி உண்டு. நாமக்கல்லில் படித்தால் கோழிப் பண்ணை விவகாரம் கை வந்துவிடும். வேப்பேரியில் நாயும் பூனையும் வரிசையில் நிற்கும். ராமையன்பட்டியில் வெள்ளாடு, செம்மறி, சுற்றுவட்டாரக் கிராமத்துப் பசுக்கள். விடுதியிலிருந்து வார இறுதியில் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்னலாம் என்பதற்காக மட்டும் திருநெல்வேலியைக் கேட்காதீர்கள், போக நேரம் இருக்காது.

எத்தனை வருடம்? என்னதான் படிக்கிறார்கள்?

நாலரை வருடம் வகுப்பு, ஒரு வருடம் உள்ளுறை மருத்துவப் பயிற்சி. ஆக ஐந்தரை வருடம்.

முதலாம் ஆண்டில் உடற்கூறியல் வந்து நிற்கும். எம்.பி.பி.எஸ். படிப்பவருக்கு ஒரே உடம்பு. நமக்கு மாடு, குதிரை, ஆடு, நாய், பன்றி, கோழி எல்லாம். ஒரு எலும்பைக் கையில் கொடுத்து இது எந்த விலங்கு, இடதா வலதா என்பார்கள். மாட்டுக்கு வயிறு நாலு அறை. குதிரைக்கு ஒரே அறைதான், ஆனால் பெருங்குடல் பக்கம் பெரிய தொட்டியே இருக்கும். கோழிக்குப் பல்லும் இல்லை, அரைக்கிற வேலையைக் கல்லீரல் பக்கத்து அரைவைப்பை பார்த்துக்கொள்ளும். மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல்லே கிடையாது என்பதை மாடு வளர்க்கிற வீட்டுப் பிள்ளைகளே முதல் நாள்தான் வாயைத் திறந்து பார்த்துத் தெரிந்துகொள்கிறார்கள்.

அடுத்தடுத்த ஆண்டுகளில் நுண்ணுயிரியல், ஒட்டுண்ணியியல், நோய்க்குறியியல், தீவனம், இனவிருத்தி, மருந்தியல், பொதுச் சுகாதாரம். கடைசியில் மருத்துவம், அறுவை, சினையியல். ஒட்டுண்ணியியலில் புழுக்களின் பெயர்ப் பட்டியலைப் பார்த்துப் பலருக்கு வெறுத்துப்போகும். ஆனால் நம் பக்கத்தில் ஆடு மெலிகிறது, தாடைக்குக் கீழே பை மாதிரி வீங்குகிறது என்று வந்தால் பாதிக் காரணம் புழுதான். அந்தப் பட்டியல் அப்போது நினைவுக்கு வரும்.

உள்ளுறைப் பயிற்சி வருடத்தை யாரும் ஒப்புக்குக் கழிக்க வேண்டாம். கையில் தொட்டுக் கற்றது அந்த ஒரு வருடத்தில்தான் நிற்கிறது.

எனக்கு நாய், பூனை என்றால் உயிர். அது போதுமா?

வந்து கதவைத் தட்ட அது போதும். உள்ளே தங்க அது போதாது.

இந்தக் கேள்விக்குத்தான் கொஞ்சம் அதிகம் சொல்ல வேண்டும். மனிதருக்கு மருத்துவம் பார்க்கிறவரிடம் நோயாளியே வருகிறார், நோயாளியே பேசுகிறார். நம்மிடம் வருவது இரண்டு பேர். வலி ஒருவருக்கு, பேச்சும் பணமும் இன்னொருவருக்கு. முடிவெடுப்பது அந்த இரண்டாமவர். இதை ஏற்றுக்கொள்ள முடியாதவர்கள், எத்தனை பாசம் இருந்தாலும், சில வருடங்களில் சலித்துப்போகிறார்கள்.

கடையம் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கால் எலும்பு முறிந்திருக்கிறது. குட்டியின் விலை நாலாயிரம். எக்ஸ்ரே, தகடு, மருந்து என்று புத்தகப்படி செய்தால் அதைவிட அதிகம் ஆகும். புத்தகத்தில் இருக்கிற சிகிச்சையைச் சொன்னால் பாட்டி "சரிய்யா" என்று சொல்லிவிட்டு, வெளியே போய்க் கறிக்கடைக்காரருக்குப் போன் போட்டுவிடுவார். அவர் மேல் தப்பில்லை. அந்த ஆடுதான் அவருக்குப் பேத்தியின் பள்ளிக் கட்டணம். மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, எத்தனை நாள் கழித்து வர வேண்டும், எப்படிப் படுக்க வைக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினால் குட்டி பிழைக்க வாய்ப்பு உண்டு. வெள்ளாட்டுக்கு எலும்பு நன்றாகக் கூடும். எந்தச் சிகிச்சை சிறந்தது என்பதோடு, எந்தச் சிகிச்சையை இந்த வீட்டால் செய்ய முடியும் என்பதையும் அங்கேயே நின்று யோசிக்க வேண்டும்.

இதே மனிதர்கள்தான் தகவலையும் தர வேண்டும். மாடு பேசாது, வளர்ப்பவர் கூடப் பேசுவார். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் எங்கள் பக்கத்து மாட்டாஸ்பத்திரிகளில் வந்து நில்லுங்கள். "நேத்து ராத்திரியிலருந்து தீனி எடுக்கல சார். அசை போடவும் இல்ல, பாத்துக்கிடுங்க." என்ன வைத்தீர்கள் என்றால், "ஒண்ணுமில்ல, கொஞ்சம் பொங்கச்சோறு." அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று மெதுவாக விசாரித்தால் ஒரு குத்துப்போணி நிறைய என்று தெரியவரும். நாலு வீட்டில் வைத்ததையும் மாடு தின்றிருக்கும். அரிசிச் சோறு மாட்டின் பெருவயிற்றில் சட்டென்று புளித்து அமிலமாகிவிடும். உடம்பு நீர் எல்லாம் வயிற்றுக்குள் இறங்கி, கண் உள்ளே போய், மாடு படுத்துவிடும். நேரத்தோடு வந்தால் ஆப்ப சோடாவும் குளுக்கோஸ் பாட்டிலும் கொண்டே எழுப்பிவிடலாம். அக்கறையில் சோறு வைத்தவரைத் திட்டினால் அடுத்த வருடம் அவர் உண்மையைச் சொல்ல மாட்டார். அவ்வளவுதான் விஷயம்.

ஆகவே விலங்கைப் பிடிக்குமா என்று உங்களைக் கேட்டுக்கொள்வதோடு, மனிதர்களோடு பொறுமையாகப் பேசப் பிடிக்குமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். மனிதர்களைப் பிடிக்காது, அதனால்தான் இந்தப் படிப்பு என்று ஒரு பையன் சொன்னான். அவனைக் கணிப்பொறிப் பக்கம் போகச் சொன்னேன்.

நான் பெண். முரட்டு மாட்டைப் பிடிக்க பலம் வேண்டாமா என்று ஆச்சி பயப்படுகிறார்.

ஆச்சியிடம் சொல்லுங்கள், மாட்டோடு பலத்தில் போட்டி போட்டால் எந்த ஆணும் ஜெயிக்க முடியாது. மூக்கணாங்கயிறு, இரும்புச் சட்டம், மயக்க ஊசி எல்லாம் அதற்காகத்தான் இருக்கின்றன. நானூறு கிலோ எடையுள்ள உயிரைப் பிடித்து நிறுத்துவது உத்திதான்.

கன்று மாட்டிக்கொண்ட பசுவை எடுத்துக்கொள்ளுங்கள். சரியாக வரும் கன்று இரண்டு முன்னங்கால்களை நீட்டி, அவற்றின் மேல் தலையை வைத்து, நீச்சலுக்குப் பாய்வது போல வரும். ஒரு கால் மடங்கிக்கொண்டால் தோள் இடுப்பெலும்பில் முட்டி நின்றுவிடும். தொழுவத்தில் கூடியிருப்பவர்கள் கயிற்றைக் கட்டி நாலு பேராக இழுக்கப் பார்ப்பார்கள். செய்ய வேண்டியது அதற்கு நேர்மாறு. முக்கல் இல்லாத இடைவெளியில் கன்றை உள்ளே தள்ள வேண்டும். இடம் கிடைத்ததும் மடங்கிய காலின் குளம்பை உள்ளங்கையில் மூடிப் பிடித்து, கர்ப்பப்பையைக் கீறாமல் மேலே கொண்டுவந்து நேராக்க வேண்டும். பிறகு முக்கலோடு சேர்த்து இழுத்தால் போதும். இந்த வேலைக்குக் கை மெலிதாக, நீளமாக இருப்பது பெரிய வசதி. செம்மறி, வெள்ளாட்டுக்குச் சொல்லவே வேண்டாம், பருத்த கை உள்ளே போகாது. பெண்கள் நிறையப் பேர் இப்போது படிக்கிறார்கள், கிராமத்து மருந்தகங்களை நடத்துகிறார்கள்.

ஆச்சியின் பயத்தில் நியாயமான பகுதி ஒன்று உண்டு. ராத்திரியில் தெரியாத ஊருக்கு அழைப்பு வந்தால் என்ன செய்வது? வீட்டுக்காரரையோ உதவியாளரையோ கூட அழைத்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள். 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் வரும் கால்நடை ஆம்புலன்ஸ் சேவை வந்த பிறகு இந்தச் சுமை கொஞ்சம் பகிர்ந்துபோகிறது.

எங்கள் வீட்டில் ஆடு மாடு கிடையாது. டவுனில் வளர்ந்தவள். பின்தங்கிவிடுவேனா?

முதல் ஆறு மாதம் கொஞ்சம் தடுமாறுவீர்கள். அதற்குப் பிறகு வித்தியாசம் தெரியாது. மாடு வளர்த்த வீட்டுப் பிள்ளைக்கு மாட்டின் பக்கத்தில் நிற்கப் பயம் இருக்காது. ஆனால் அப்பா செய்ததெல்லாம் சரி என்ற நினைப்பும் கூடவே இருக்கும், அதை உதறக் கொஞ்ச நாள் ஆகும். உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

ரத்தம் பார்த்தால் தலை சுற்றுகிறது. சைவக் குடும்பம் வேறு.

பழகிவிடும். தலை சுற்றினால் உட்கார்ந்துவிட வேண்டும், விழக்கூடாது, அவ்வளவுதான். சைவர்கள் எத்தனையோ பேர் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். ஆனால் இறைச்சிப் பரிசோதனை பாடத்தில் உண்டு, பிரேதப் பரிசோதனையும் உண்டு. விலக்குக் கேட்க முடியாது.

நம் பக்கத்தில் அப்படி என்ன விசேஷமான கால்நடைகள் இருக்கின்றன?

இதைக் கேட்டதற்கு நன்றி. ஆட்டுக்காரர்கள் ஊர் இது.

கோவில்பட்டி, சங்கரன்கோவில் கரிசல் பக்கம் போனால் கன்னி ஆடு. கறுப்பு உடம்பு, முகத்தில் இரண்டு கோடு. கோடு வெள்ளையாக இருந்தால் பால்கன்னி, செம்மையாக இருந்தால் செங்கன்னி. தூத்துக்குடிக் கடலோரம் போனால் கொடி ஆடு, நெட்டையாக, காலும் கழுத்தும் நீண்டு நிற்கும். வெள்ளை மேல் கறுப்புத் தெளித்தது கரும்போரை, சிவப்புத் தெளித்தது செம்போரை. செம்மறியில் வெள்ளை உடம்பில் செம்பொட்டு போட்ட வேம்பூர், வயிற்றடி கறுத்த கீழக்கரிசல், சின்ன உடம்புச் செவ்வாடு. நெல் அறுப்பு முடிந்த வயல்களில் கிடை போடுகிற கோனார்களிடம் பேசிப் பாருங்கள். ஒரே மாதிரி தெரிகிற நூறு ஆட்டில் எது எதன் குட்டி என்று சொல்லிவிடுவார்கள். அவர்கள் வயதைப் பல்லைப் பிடித்துத்தான் சொல்வார்கள். இரண்டு பல், நாலு பல், ஆறு பல், கடை சேர்ந்தது. அதையேதான் கல்லூரியிலும் சொல்லித்தருவார்கள்.

மேலப்பாளையம் சந்தைக்கும் எட்டயபுரம் சந்தைக்கும் ஒரு தடவை போய்வாருங்கள். பக்ரீதுக்கு முந்தின வாரம் என்றால் இன்னும் நல்லது. துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவதை வேடிக்கை பார்ப்பதோடு நிறுத்தாமல், வாங்குகிறவர் ஆட்டின் எங்கே எங்கே கை வைத்துப் பார்க்கிறார் என்று கவனியுங்கள். இடுப்பு முதுகெலும்பு, வால் அடி, கண் இமையின் உட்புறம். இமை வெளுத்திருந்தால் ரத்தம் குறைவு, புழு இருக்கிறது என்று அர்த்தம். டிகிரி இல்லாமலே பாதி நோயறிதல் அங்கே நடக்கிறது.

நாய்க்கும் குறைவில்லை. ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் நமக்கு வடக்கே விருதுநகர்ப் பக்கம். வெள்ளை வெளேரென்ற ராஜபாளையம் குட்டிகளில் சில பிறவியிலேயே காது கேட்காமல் இருக்கும். நிறத்துக்கும் காதுக்கும் உள்ள மரபுத் தொடர்பு அது. வாங்குகிறவர்கள் குட்டியின் பின்னால் நின்று கை தட்டிப் பார்த்துவிட்டு வாங்க வேண்டும், யாரும் செய்வதில்லை.

யானை, புலி டாக்டர் ஆக வேண்டும். களக்காடு முண்டந்துறையில் வேலை கிடைக்குமா?

பலருக்கும் ஆசை அதுதான். வனத்துறையில் கால்நடை மருத்துவர்கள் இருக்கிறார்கள், ஆனால் பணியிடங்கள் மிகக் குறைவு. பி.வி.எஸ்சி. முடித்து, வனவிலங்கு அறிவியலில் முதுநிலையும் படித்துக் காத்திருக்க வேண்டும்.

வேலையும் படத்தில் வருவது போல இருக்காது. 2023 ஜூனில் தேனிப் பக்கம் பிடித்த அரிக்கொம்பன் யானையை நம் களக்காடு முண்டந்துறைக் காட்டில் கொண்டுவந்து விட்டார்களே, அதை டி.வி.யில் பார்த்தவர்களுக்கு மயக்க ஊசித் துப்பாக்கிதான் நினைவிருக்கும். கஷ்டம் ஊசி பட்ட பிறகுதான் ஆரம்பிக்கிறது. நின்றபடியே மயங்க வேண்டும், விழுந்துவிடக்கூடாது. மூச்சு சீராக இருக்கிறதா, உடம்பு சூடேறுகிறதா என்று பார்த்துக்கொண்டே லாரியில் பல மணி நேரம் கூடவே போக வேண்டும். தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

கோவில் யானைகள் வேறு உலகம். நெல்லையப்பர் கோவில் காந்திமதி 2025 ஜனவரியில் இறந்தபோது ஊரே அழுதது. கல் தரையில் நிற்கும் யானைக்குப் பாதமும் மூட்டும்தான் முதல் எதிரி. தினமும் பாதத்தைப் பார்க்கிற வேலை அலுப்பானது, ஆனால் அதுதான் வைத்தியம்.

காடுதான் உங்களை இழுக்கிறது, சிகிச்சை இல்லை என்றால், இந்தப் படிப்பே தேவையில்லை. மயிலாடுதுறைப் பக்கம் மன்னம்பந்தலில் ஏ.வி.சி. கல்லூரியில் வனவிலங்கு உயிரியல் முதுநிலை இருக்கிறது, டேராடூனில் இந்திய வனவிலங்கு நிறுவனம் இருக்கிறது. விலங்கியல் பட்டத்தோடு நேரே போகலாம். ஜனவரியில் தாமிரபரணிக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொள்வார்கள். கூந்தன்குளம் பக்கத்திலேயே இருக்கிறது. அந்தக் கணக்கெடுப்பில் ஒரு நாள் வெயிலில் நின்று பார்த்தால் ஆசை காட்டின் மேலா, மருத்துவத்தின் மேலா என்று ஓரளவு தெரிந்துவிடும்.

நமக்கே நோய் ஒட்டுமா?

ஒட்டும். சும்மா பயமுறுத்தவில்லை, இது வேலையின் ஒரு பகுதி.

வெறிநாய்க்கடி முதலிடம். நாய்தான் என்றில்லை, வெறி பிடித்த மாடு தொண்டையில் ஏதோ அடைத்தது போல எச்சில் ஒழுக நிற்கும். வளர்ப்பவர் வாய்க்குள் கையை விட்டுப் பார்த்திருப்பார். உங்களையும் விடச் சொல்வார். கையுறை இல்லாமல் விடாதீர்கள். படிக்கச் சேர்ந்ததுமே கடிபடுவதற்கு முன்பே போடும் தடுப்பூசியை முடித்துவிடுங்கள். முதல் நாள், ஏழாம் நாள், இருபத்தொன்று அல்லது இருபத்தெட்டாம் நாள் என்று மூன்று ஊசி.

அடுத்தது கருச்சிதைவு நோய் என்கிற புரூசெல்லோசிஸ். கன்று வீசின பசுவின் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் எடுப்பவர்களுக்கு விட்டுவிட்டு வரும் காய்ச்சல், மூட்டுவலி என்று மாதக்கணக்கில் படுத்தும். கிடேரிக் கன்றுகளுக்கு நாலிலிருந்து எட்டு மாதத்துக்குள் போடும் தடுப்பூசியில் உயிருள்ள கிருமி இருக்கிறது, ஊசி தவறி உங்கள் விரலில் குத்தினாலே நோய் வரலாம்.

அடைப்பான் என்கிற ஆந்த்ராக்ஸ் சந்தேகம் இருந்தால், அதாவது திடீரென்று செத்த மாட்டின் மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுத்த ரத்தம் வடிந்தால், உடலை அறுக்கவே கூடாது. அறுத்தால் அதன் வித்துகள் மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும். ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டு மூட வேண்டும். ஊர்க்காரர்கள் தோலுக்கும் கறிக்கும் சண்டைக்கு வருவார்கள். அங்கே விட்டுக்கொடுக்கக்கூடாது.

நம்பிக்கைக்கு ஒன்று: தாத்தா காலத்தில் தொழுவம் தொழுவமாகக் காலி செய்த வெக்கை நோய் இன்று பூமியிலேயே கிடையாது. 2011-இல் ஒழிந்துவிட்டதாக அறிவித்தார்கள். பெரியம்மைக்கு அடுத்து மனிதர் முழுதாக ஒழித்த நோய் அதுதான். ஊர் ஊராகப் போய்த் தடுப்பூசி போட்டே ஒழித்தது.

படித்து முடித்தால் வேலை?

அரசு வேலை என்றால் டி.என்.பி.எஸ்.சி. வழியாகக் கால்நடை உதவி மருத்துவர். அறிவிப்பு வருடா வருடம் வராது. அதையே நம்பி வீட்டில் உட்கார்ந்தால் நாலைந்து வருடம் ஓடிவிடும். அதற்குள் செய்ய நிறைய இருக்கிறது: நாமக்கல், பல்லடம் கோழி நிறுவனங்கள், ஆவின், தீவன, மருந்து கம்பெனிகள், ராணுவத்தின் கால்நடைப் பிரிவு, வங்கிகளில் வேளாண் அலுவலர் தேர்வு. குடிமைப் பணித் தேர்வில் கால்நடை மருத்துவம் விருப்பப் பாடமாக இருக்கிறது. சுகாதாரத் துறைச் செயலராக இருந்த ஜெ. ராதாகிருஷ்ணன் கால்நடை மருத்துவம் படித்துவிட்டு ஐ.ஏ.எஸ். ஆனவர்தான்.

சொந்தக் கிளினிக் திருநெல்வேலியில் நடக்குமா என்றால், நடக்கும். பாளையங்கோட்டை, பெருமாள்புரம், என்.ஜி.ஓ. காலனிப் பக்கம் வீட்டுக்கு வீடு நாய் வந்துவிட்டது. ஆனால் ஆரம்பத்திலேயே லட்சக்கணக்கில் ஸ்கேன் மெஷின் வாங்கிப் போட வேண்டாம். முதலில் நல்ல நுண்ணோக்கி ஒன்று வாங்குங்கள். ரத்தத்தில் உண்ணிக்காய்ச்சல் கிருமியையும் சாணத்தில் புழு முட்டையையும் அன்றைக்கே பார்த்துச் சொல்லும் டாக்டரை ஊர் தேடி வரும்.

"மாட்டுக்கு ஊசி போடவா இவ்வளவு படிப்பு" என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள்.

கேட்பார்கள். அவர்கள் வீட்டுப் பசு கன்று போட முடியாமல் கிடக்கும் ராத்திரி உங்களுக்குத்தான் போன் வரும். பதில் சொல்லி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இடம் கிடைக்கவில்லை, ஆனால் கால்நடைத் துறையை விட மனசில்லை.

பி.டெக். பால்வளம் அல்லது கோழியினம் பற்றி மேலே சொல்லிவிட்டேன். கால்நடை ஆய்வாளர் வேலைக்கு அரசே தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுக்கும், அறிவிப்பு வரும்போது பார்த்துக்கொள்ளுங்கள். சினை ஊசி போடுவது, தடுப்பூசி முகாம் நடத்துவது என்று கிராமத்தில் மாட்டோடு அதிக நேரம் இருப்பவர் அவர்தான். விலங்கியல் பட்டம் கையில் இருந்தால் உயிர்த்தொழில்நுட்பம், நோய்த்தடுப்பியல் பக்கம் போய்த் தடுப்பூசி ஆய்வில் சேரலாம். ஒரு தடுப்பூசி காப்பாற்றும் ஆடுகளின் எண்ணிக்கையை எந்த டாக்டரும் தொட முடியாது.

போலி டாக்டராக மட்டும் ஆகிவிடாதீர்கள். பையில் நாலு மருந்தோடு பைக்கில் சுற்றுபவர்கள் எல்லாப் பக்கமும் இருக்கிறார்கள். கண்டபடி ஆன்டிபயாடிக் போட்டு, பாலில் மருந்து இறங்கி, அந்தப் பால் நம் வீட்டுக் காபியில்தான் வருகிறது.

குணப்படுத்த முடியாத விலங்கைக் கொல்லச் சொல்வார்களா?

சொல்வார்கள். தீராத வலியில் கிடக்கும் விலங்குக்கு அதை முடித்துவைப்பதும் சிகிச்சைதான் என்று சட்டமும் மருத்துவமும் ஒப்புக்கொள்கின்றன. மாட்டை அப்படிச் செய்ய நம் ஊரில் பெரும்பாலோர் மனசு ஒப்பாது, அதையும் மதிக்க வேண்டும். அப்போது வலி குறைக்கும் மருந்து, வைக்கோல் படுக்கை, மணிக்கணக்கு பார்த்துப் புரட்டிப் போடுவது. எளிதான பதில் எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

சேருவதற்கு முன்னால் இந்த லீவில் என்ன செய்து பார்க்கலாம்?

பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குக் காலை எட்டு மணிக்குப் போய் டாக்டரிடம் அனுமதி கேட்டு ஓரமாக நில்லுங்கள். செல்போனை வெளியே எடுக்காதீர்கள். ஒரு வாரம் போதும். மாட்டின் காய்ச்சலை எப்படிப் பார்க்கிறார்கள் என்று பார்த்து நீங்களும் ஒன்று பாருங்கள். மாட்டுக்கு 101.5 டிகிரி இயல்பு, நமக்குக் காய்ச்சல் என்று சொல்லும் அளவு. வெப்பமானி போகும் இடம் ஆசனவாய், பக்கவாட்டில் நின்று வாலைத் தூக்கிச் செருக வேண்டும். அந்த வேலை முகம் சுளிக்காமல் முடிந்தால் மீதியைக் கற்றுக்கொள்ளலாம்.

இரண்டு ஆட்டுக்குட்டி வாங்கி வளர்த்துப் பார்க்கட்டுமா?

வளருங்கள். ஆனால் சந்தையில் வாங்காதீர்கள். பத்து ஊர் ஆடு கலக்கும் இடத்தில் நோயும் கலக்கும். தெரிந்த வீட்டில், தாயைப் பார்த்து வாங்குங்கள். மூன்று மாதம் ஆன குட்டியாக இருக்கட்டும், பால் மறந்திருக்க வேண்டும். வீட்டில் வேறு ஆடு இருந்தால் மூன்று வாரம் தனியாகக் கட்டுங்கள். சாணத்தைப் பரிசோதித்துப் புழு மருந்து, ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி, மழைக்கு முன்னால் துள்ளுமாரித் தடுப்பூசி. தரை ஈரமில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அகத்தி, வேம்பு, வேலிமசால் எது கிடைக்கிறதோ அதைக் கட்டித் தொங்கவிடுங்கள், வெள்ளாடு தலையைத் தூக்கித் தின்னத்தான் விரும்பும். வாங்கிய விலை, தீவனச் செலவு, மருந்துச் செலவு, வாராவாரம் எடை என்று எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். விற்கும்போது அம்மாவிடம் அழாமல் விற்க முடிகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். முடியவில்லை என்றாலும் பரவாயில்லை, விண்ணப்பத்தைப் போடுங்கள்.